குழந்தைகளிடம் உண்மை பேசலாமா?

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவரைத் தேடும் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்று திகையாத பெற்றோர் எந்தத் தேசத்திலும் இல்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்பார் சிலர்; தூங்குகிறார் என்பார் வேறு சிலர். குழந்தை அப்போதைக்குச் சமாதானம் அடைகிறது. மறுநாள், எப்பொழுது வருவார் என்று கேட்கிறது. முதற்பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் அவசியமாகிறது. 1982-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இதே சங்கடம் அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியை நடத்தி வந்தவர்களுக்கு நேர்ந்தது. ஒரு தேசத்துக் குழந்தைகள் யாவருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தார்கள்.

அந்நிகழ்ச்சியின் பெயர் 'செஸமி ஸ்ட்ரீட்'. ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் கால் வைக்கும்போதே பின்தங்கி நிற்பதைக் கண்டு மனம் வருந்திய ஜோன் கான்ஸ் கூனி என்ற பெண்மணியும், லாயிட் மாரிசெட் என்ற அறிஞரும் சேர்ந்து தோற்றுவித்தது அது. தர்ம ஸ்தாபனங்களும் மத்திய சர்க்காரும் ஏறத்தாழ 80 லட்சம் டாலர் அளித்தன. ஜிம் ஹென்சன் பொம்மைகளைச் செய்து கொடுத்தார். 1969-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆந் தேதி முதல் ஒளிபரப்பு நடந்தது. ஒரு நகரத்துத் தெருவில் மனிதரும் பொம்மைகளும் அண்டை வீட்டாராக வாழ்கிறார்கள். அங்கே எழுத்தும் எண்ணும் விளையாட்டாகவே கற்பிக்கப்படுகின்றன.

எழுத்தும் எண்ணும் கற்பிப்பதை எவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் அத்தெருவில் வெள்ளையரும் கறுப்பரும் சமமாகக் கூடி வாழ்ந்தார்கள். இதைப் பொறுக்காத மிஸிஸிப்பி ராஜ்யத்தின் டெலிவிஷன் கமிஷன் 1970-இல் அந்நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தது. செய்தி வெளிப்பட்டதும் எங்கும் கண்டனம் எழுந்தது. சில வாரங்களுக்குள் கமிஷன் பணிந்தது. குழந்தைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்பது அரசியல் பிரச்னையே என்பதை அந்த ஆரம்ப நாட்களிலேயே நிகழ்ச்சியார் கண்டுகொண்டார்கள்.

அந்தத் தெருவில் ஹூப்பர் என்ற கிழவர் முதல் நாளிலிருந்தே ஒரு கடை நடத்தி வந்தார். வில் லீ என்ற நடிகர் அந்த வேஷத்தை ஏற்றிருந்தார். அவருடைய வரலாறும் அறியத் தக்கது. கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரால் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் அமெரிக்காவில் வாட்டிய காலத்தில் அவர் பெயரும் கறுப்புப் பட்டியலில் ஏறிற்று. சுமார் ஐந்து வருஷம் சினிமாவிலும் டெலிவிஷனிலும் அவருக்கு வேலை இல்லை. தேசத்துக்கு ஆகாதவர் என்று கதவடைக்கப்பட்ட அந்த மனிதர், பிற்காலத்தில் தேசத்துக் குழந்தைகளின் அன்புக்குரிய தாத்தாவாக விளங்கினார். 1982 டிசம்பர் 7-ஆந் தேதி, தமது 74-ஆவது வயதில், மாரடைப்பால் காலமானார்.

நிகழ்ச்சியார் முன் மூன்று வழிகள் இருந்தன. வேறொரு நடிகரைக் கொண்டுவந்து அவரே ஹூப்பர் எனலாம். கடைக்காரர் ஓய்வு பெற்று வேறு ஊரில் குடியேறிவிட்டார் எனலாம். இவ்விரண்டும் எளிய வழிகள், கேட்பாரும் இல்லை. மூன்றாவது வழி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. குழந்தை மனோதத்துவ நிபுணர்களைக் கலந்து ஆலோசித்த பிறகு, அவர்கள் மூன்றாவது வழியையே தேர்ந்தார்கள். நார்மன் ஸ்டைல்ஸ் என்பவர் கதையை எழுதினார்.

அவர்கள் சொல்லத் துணிந்தவை மூன்றே: ஹூப்பர் இறந்துவிட்டார், அவர் திரும்பி வர மாட்டார், அவர் இல்லாத குறையை யாவரும் உணர்வர். சொல்லாமல் விட்டவையும் கவனிக்கத் தக்கவை. கிழவரானதால் இறந்தார் என்றால், குழந்தையின் கண்ணுக்குத் தாயும் தகப்பனும் கிழவரே. நோயினால் இறந்தார் என்றால், மறுநாள் காய்ச்சல் கண்ட குழந்தை தனக்கும் மரணம் வந்துவிட்டதென்று நடுங்கும். மறுமையைப் பற்றிப் பேசுவது அவரவர் வீட்டுச் சமயத்தின் காரியம். ஆதலால் இவற்றில் எதையும் அவர்கள் தொடவில்லை. உண்மை பேசுவதென்றால் வாயில் வந்ததை எல்லாம் கொட்டுவதன்று என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1983-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆந் தேதி அது ஒளிபரப்பாயிற்று. அமெரிக்கர்கள் குடும்பத்துடன் கூடியிருக்கும் நன்றி செலுத்தும் திருநாள் அது. பார்க்கும் குழந்தையின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டுமென்றே அந்நாளைத் தேர்ந்தார்கள்.

'பிக் பேர்ட்' என்பது எட்டடி இரண்டங்குல உயரமுள்ள மஞ்சள் பறவைப் பொம்மை. காரல் ஸ்பின்னி என்ற கலைஞர் அதனுள் இருந்து ஆட்டுவித்தார். உடல்தான் பெரிது, மனம் ஆறு வயதுக் குழந்தையின் மனம். அன்றைய நிகழ்ச்சியில் அது முதலில் தலையைக் கால்களுக்கிடையே குனிந்து வைத்துக்கொண்டு பின்புறமாக நடந்து வருகிறது. ஏன் இப்படி நடக்கிறாய் என்று கார்டன் என்பவர் கேட்க, சும்மாத்தான் என்கிறது. சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

பின்னர் அப்பறவை, தெருவிலுள்ள நண்பர்கள் ஒவ்வொருவரையும் தன் கையால் வரைந்த படங்களுடன் வருகிறது. அவரவர் படத்தை அவரவரிடம் கொடுக்கிறது. கடைசிப் படம் ஹூப்பருடையது. அவர் எங்கே என்று தேடுகிறது. அவர் இறந்துவிட்டதாக முன்பே சொன்னோமே என்று மரியா நினைவூட்டுகிறாள். சரி, திரும்பி வந்ததும் கொடுத்துக்கொள்கிறேன் என்கிறது பறவை. யாரும் பேசவில்லை. சூஸன் எழுந்து அருகே சென்று, இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று மெதுவாகச் சொல்கிறாள்.

இனி எனக்கு யார் தீனி கொடுப்பார், யார் கதை சொல்வார் என்று பறவை கலங்குகிறது. கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் டேவிட். கதை நாங்கள் சொல்கிறோம் என்கிறார்கள் மற்றவர்கள். ஆனாலும் முன்போல் இராதே என்கிறது பறவை. இராதுதான் என்று அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஏன் இப்படி நடக்க வேண்டும், ஒரே ஒரு காரணமாவது சொல்லுங்கள் என்று கோபத்துடன் கேட்கிறது. கார்டனிடம் பதில் இல்லை. சும்மாத்தான், காரணம் கிடையாது என்கிறார். காலையில் விளையாட்டாகக் கேட்ட சொல் மாலையில் பாரமாகி நம் நெஞ்சில் இறங்குகிறது.

ஹூப்பர் என்ற பெயரை அப்பறவை எந்நாளும் லூப்பர் என்றே உளறும்; கிழவர் திருத்துவார். அன்றும் அது உளறுகிறது. கூடியிருந்தவர்கள் அவருக்குப் பதிலாகத் திருத்துகிறார்கள். முடிவில் புதிதாகப் பிறந்த ஒரு சிசுவைப் பார்த்து அதிசயப்படுகிறது: நேற்று இல்லாதது இன்று வந்திருக்கிறது! அன்று நடித்தவர்கள் சிந்திய கண்ணீர் நடிப்பன்று என்று அவர்களே பின்னாளில் கூறினார்கள். ஹூப்பரின் படம் அப்பறவையின் கூட்டருகில் தொங்கலாயிற்று.

பிஞ்சு மனம் இதைத் தாங்குமா என்று கேட்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறவையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடவில்லை. சுற்றி நின்று தோளில் கை வைத்தார்கள். துணையில்லாத உண்மை கொடுமை. உண்மையில்லாத அன்பு வஞ்சனை. இரண்டும் சேர்ந்தபோது குழந்தை தாங்கிற்று.

இது வீட்டோடு நிற்கும் விஷயமும் அன்று. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் குடும்பங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, ஜனாதிபதி தாபோ எம்பெக்கி அந்நோயின் காரணத்தையே சந்தேகித்து வந்தார். 2002-இல் அந்நாட்டுச் செஸமி நிகழ்ச்சியில் கமி என்ற ஐந்து வயதுச் சிறுமிப் பொம்மை தோன்றியது. தாயை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்து, தன் உடலிலும் அக்கிருமியைத் தாங்கிய சிறுமி அவள். அவளுடன் விளையாடலாம், கையைப் பிடிக்கலாம் என்று மற்றக் குழந்தைகள் கற்றார்கள். ஜனாதிபதி தயங்கிய இடத்தில் ஒரு பொம்மை உண்மை பேசிற்று.

ஜனங்களுக்கு உண்மை தெரிந்தால் கலவரம் அடைவார்கள், ஆகையால் அவர்கள் நன்மைக்காகவே மறைக்கிறோம் என்பது எதேச்சாதிகாரிகள் எக்காலத்திலும் கூறிவந்த நியாயம். அந்த நியாயத்தை நாம் முதன்முதலில் கேட்பது நம் வீட்டுத் திண்ணையில், நம் பெரியோர் வாயால் அன்றோ? கேட்ட கேள்விக்கு மெய்யான பதில் பெற்று வளர்ந்த குழந்தை, நாளை சர்க்காரிடமும் மெய்யான பதிலையே கேட்கும். சுயராஜ்யத்துக்குத் தகுதியான பிரஜைகளை உண்டாக்க விரும்புவோர், மேடையில் ஏறுமுன் தங்கள் குழந்தை கேட்ட கடைசிக் கேள்விக்கு என்ன பதில் சொன்னோம் என்று சற்று யோசித்துப் பார்ப்பார்களாக.