மூட்டை தூக்கியபின் காலில் இறங்கும் வலி

அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையைக் குனிந்து தூக்கும்போது இடுப்பில் 'சுளீர்' என்று பிடித்துக்கொள்வதுண்டு. வலி இடுப்போடு நில்லாமல் தொடை வழியாகப் பாதம் வரை இறங்கினால், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதே பெரும்பாலும் காரணமாகும். இதை வாயுப்பிடிப்பு என்றெண்ணி இடுப்பை மிதிக்கச் செய்வதும், சுளுக்கு எடுப்பதும் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவை சிகிச்சையின்றியே வலி தணியும். அதுவரை பாரம் தூக்குவதையும், குனிந்து நடவு, களையெடுப்பு செய்வதையும் தவிர்க்க வேண்டும். ஆனால் நாள்கணக்கில் படுத்தே கிடக்கலாகாது. தாங்கும் அளவுக்குச் சமதரையில் நடமாடுவது நல்லது.

பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுதல், இருக்கைப் பகுதி மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல் அல்லது தன்னையறியாமல் கழிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கதிரடிப்பு முடியட்டும் என்று காத்திராமல், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடக்கூடும்.

குணமடைந்த பின்னரும் 45 கிலோ யூரியா மூட்டையைத் தனியாகத் தூக்காமல், இருவர் சேர்ந்து, முழங்காலை மடக்கி, மூட்டையை உடலோடு ஒட்டி வைத்துத் தூக்குவதே பாதுகாப்பானதாகும். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பலாகாது.