தறிக்குழியிலும் தோட்டத்திலும் உடல்நலம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முன்னோர் வாக்கு. நம் சங்கங்களுக்கு அங்கத்தினரின் உடலே அச்சுவராகும். ஆயினும், தறி பழுதுற்றால் உடனே தச்சரை அழைக்கும் நாம், அத்தறியில் அமர்ந்திருப்பவரின் முதுகுவலிக்கு எவரிடமும் யோசனை கேட்பதில்லை.

தணிக்கைக்காக நாம் சென்றிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கேட்டில், 'மருத்துவ முன்பணம்' என்றொரு பற்று காணப்பட்டது. விசாரித்தபோது, சாயப்பட்டறையில் ஒருவர் காஸ்டிக் சோடாவின்மீது நீரை ஊற்ற, அது கொதித்துத் தெறித்து அவர் கையைப் புண்ணாக்கிற்று என அறிந்தோம். முதலில் நீரை எடுத்துக்கொண்டு, அதிலே சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வாக்கியம் சொல்லப்படாமையால் ஒரு குடும்பம் பல வாரக் கூலியை இழந்தது.

பெரிய ஆலைகளைக் கண்காணிக்கச் சட்டம் உண்டு. மின்விசையுடன் 10 பேரும், அஃதின்றி 20 பேரும் வேலை செய்யும் இடமே தொழிற்சாலை என 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமோ அவ்வெண்களை முறையே 20, 40 என உயர்த்தியது. வீட்டில் மூன்று நான்கு பேர் கூடி நெய்யும் தறிக்கூடமும், ஏரலைச் சுற்றியுள்ள வாழைத்தோட்டங்களில் நாலைந்து ஆட்களைக் கொண்டு மருந்தடிக்கும் விவசாயியும் இவ்வெல்லைக்குள் வருவதில்லை. ஆய்வாளர் வராத இவ்விடங்களுக்கு ஆலோசகராவது வரவேண்டாமா?

இதற்கு நல்வழி உண்டு. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சிறு தொழிற்கூடங்களுக்கென்றே ஒரு பயிற்சி நூலை 1988இல் வெளியிட்டது. அம்முறையில் நிபுணர் கட்டளையிடுவதில்லை. அவ்வூரிலேயே வேலை செம்மையாக நடைபெறும் இடங்களைக் காட்டி, சொற்பச் செலவில் இயலும் திருத்தங்களை முதலாளியும் தொழிலாளரும் தாமே தேர்ந்தெடுக்கச் செய்கிறார். தாமிரபரணிப் பாசனம்போலவே ஆற்றுநீரை நம்பி நெல் விளைவிக்கும் வியட்நாமின் மீகாங் கழிமுகத்து விவசாயிகளிடையே, கான் தோ பகுதியில், 1990களில் இம்முறை பரவியது.

நம்மிடமும் இத்தகைய எளிய திருத்தங்கள் பல உள. குழித்தறியில் இருக்கையின் உயரத்தை நெய்பவரின் காலுக்கேற்ப அமைக்கலாம். வெளிச்சம் கண்ணிற்படாமல் துணியின்மேல் விழுமாறு செய்யலாம். சாயமிடுவோர் ரப்பர் கையுறை அணிதல் வேண்டும். ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பற்றக் கூடுமாதலின், அதனை உலர்ந்த இடத்தில் இறுக மூடி வைக்கவேண்டும்.

விவசாயிகள் மருந்துப் புட்டியிலுள்ள சாய்சதுரக் குறியைக் கவனிப்பாராக. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் நஞ்சு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என வரிசையாக அதன் கடுமை குறையும். தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுதல் கூடவே கூடாது. காற்றுக்கு எதிராக நின்று தெளிப்பதும், சோப்பிட்டுக் கை கழுவாமல் வெற்றிலை போடுவதும் ஆபத்தானவை.

யோசனை கூறுவோர் தொலைவில் இல்லை. பயிருக்குக் கிள்ளிக்குளம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நோய்க்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இருக்கிறார். தறிக்கும் சாயத்துக்கும் நெசவாளர் சேவை மையத்தை நாடலாம். ஒரு தனி மனிதர் அவர்களை அழைப்பதற்குத் தயங்கலாம். நூறு குடும்பங்களின் பெயரால் சங்கம் அழைக்குமாயின் அத்தயக்கத்திற்கு இடமில்லை. நூலையும் உரத்தையும் கூட்டாக வாங்கும் நாம், அறிவையும் கூட்டாகவே பெறலாமன்றோ?

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றக் கோருகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை நிபுணரை அழைத்துப் பட்டறையையும் தோட்டத்தையும் காட்டுங்கள். அவர் கூறுவனவற்றில் மூன்று திருத்தங்களை அங்கத்தினரே தேர்ந்து, பொறுப்பாளர் பெயரும் தேதியும் குறித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

அடுத்த தணிக்கையின்போது அப்பக்கத்தையே நாம் முதலில் கேட்போம். 'மருத்துவ முன்பணம்' என்னும் பற்று இல்லாத ஏட்டைக் காண்பதே எமது விருப்பம்.