ஐஸ் வேண்டாம், வறண்ட காற்று போதும்

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இருக்கிறது ஃபீனிக்ஸ் நகரம். வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் அங்கே சர்வசாதாரணம். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் அங்கே பகல் உச்ச வெப்பம் 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் குளத்து நீரே 32, 33 டிகிரிக்கு ஏறிவிடும். இறங்கினால் இதம் இல்லை. வேகமாக நீந்தினால் உடலில் உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் தங்கும். தண்ணீருக்குள் வியர்வை ஆவியாகாதே! போட்டிக் குளங்களுக்கு 25 முதல் 28 டிகிரி வரைதான் விதி.

ஐஸ் கொட்டினால்? 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 48,000 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரே ஒரு டிகிரியைக் குறைக்க ஏறக்குறைய 440 கிலோ ஐஸ் வேண்டும். உச்சிவெயில் இரண்டு மணி நேரத்தில் அந்த ஒரு டிகிரியை மீண்டும் ஏற்றிவிடும்.

அதே குளத்திலிருந்து சுமார் 83 லிட்டர் ஆவியாகிப் போனாலும் ஒரு டிகிரி இறங்கும். நீர்மட்டத்தில் 3 மில்லிமீட்டர்கூடக் குறையாது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாகும்போதோ சுமார் 2,400 கிலோஜூலை வாரிக்கொண்டு போகிறது. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதனால்தான் குளத்தின் பம்பிலிருந்து வரும் குழாயில் ஒரு நீர்த்தெளிப்பானை மாட்டுகிறார்கள். டீ மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றுவதும் இதே வேலைதான்: நீர் சிதறும்போது காற்றுபடும் பரப்பு பெருகுகிறது. காற்று 43 டிகிரியில் இருந்தாலும் ஈரப்பதம் 10 சதவீதம்தான் என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். ஆவியாதல் நீரை இழுத்துச் செல்லக்கூடிய எல்லை அது. தெளிப்பானை இரவில் ஓட்டுவதே நல்லது. வெயில் ஏற்றும் சூடு அப்போது இல்லை. மேகமற்ற வானத்தை நோக்கிக் குளமும் தன் வெப்பத்தைக் கதிராக விட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் ஆவியாகும் நீர் உப்புகளை விட்டுச்செல்வதால் குளத்தின் ஓடுகளில் சுண்ணாம்பு படியும். நீர் சிதறும்போது கரியமில வாயு வெளியேறி காரத்தன்மையும் கூடும். அதைவிட என்னை உறுத்துவது, போகும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஃபீனிக்ஸுக்கு நீர் தரும் ஆறுகளில் ஒன்று கொலராடோ. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றில் முதல்முறையாக நீர்ப் பற்றாக்குறை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டு, 2022 முதல் அரிசோனாவின் பங்கு வெட்டப்பட்டது.

ஆகவே முதலில் நிழல், பிறகுதான் தெளிப்பான் என்பேன். குளத்துக்கு மேலே நிழல்துணி கட்டினால் வெயிலின் சூடு பெருமளவு நீருக்குள் இறங்காது. இறங்காத சூட்டை வெளியேற்ற நீரைச் செலவழிக்கவும் வேண்டாம். குமிழ் வைத்த நீல பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் குளத்தை மூடுவது மட்டும் கூடாது. அது ஆவியாதலைத் தடுத்து நீரைச் சூடாக்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஜூலையில் அரிசோனாவுக்குப் பருவமழை வரும்போது காற்றில் ஈரம் ஏறி, தெளிப்பானின் பலன் குறைந்துவிடும். நிழல்துணிக்கு ஈரப்பதம் ஒரு தடையே அல்ல.