மலையிலிருந்து பாயும் சேற்று வெள்ளம்

மலைச்சரிவில் பெயரும் மண் அடிவாரத்திலேயே நின்றுவிடும் என்று நினைக்கிறீர்களா? எப்போதும் அப்படி நிற்பதில்லை.

2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில், கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்தது. மண்ணும் பாறைகளும் மரங்களும் ஆற்றின் வழியே சுமார் 8 கிலோமீட்டர் பாய்ந்து, முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களைச் சிதைத்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய நிகழ்ச்சியைக் கேரள மக்கள் 'உருள்பொட்டல்' என்கின்றனர்.

மண் ஏன் நீரைப்போல் ஓடுகிறது? மண் துகள்களுக்கிடையே உராய்வு இருப்பதால்தான் சரிவில் மண் நிற்கிறது. தொடர்மழையில் துகள்களின் இடைவெளிகள் நீரால் நிரம்புகின்றன. அந்நீரின் அழுத்தம் துகள்களை விலக்க முயல்கிறது; உராய்வு குறைகிறது; மண் குழம்பாகி ஓடுகிறது. இக்குழம்பின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. எனவே வீடளவு பாறைகளையும் அது சுமந்து செல்லும்.

இந்த ஆபத்தைக் கணிக்க மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

எங்கே? செங்குத்தான சரிவு, தளர்ந்த மண், பழைய சரிவுகளின் தடம் ஆகியவற்றை நிலப்படத்தில் குறிக்கிறார்கள். முண்டக்கையில் 1984இலும், அருகிலுள்ள புத்துமலையில் 2019இலும் சரிவுகள் நேர்ந்திருந்தன.

எவ்வளவு தூரம்? ஓடைக்கரையில் கிடக்கும் பழைய பாறைக் குவியல்கள், முன்பு வெள்ளம் எட்டிய எல்லையைக் காட்டும்.

எப்போது? 1980இல் கெய்ன் என்ற அறிஞர் பல நாடுகளின் சரிவுகளை ஆராய்ந்து, மழைக்கு ஒரு கீழ் எல்லை வகுத்தார். அதன்படி ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிமீட்டர், அல்லது 24 மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் பெய்தால் ஆபத்து தொடங்கலாம். ஆனால், இவ்வளவு மழை பெய்யும்போதெல்லாம் மலை சரிவதில்லை. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எல்லை தேவை. வயநாட்டில் சரிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பெய்த மழை 570 மில்லிமீட்டருக்கும் மேல்!

சுவிட்சர்லாந்தின் இல்கிராபன் ஓடையில், நில அதிர்வை உணரும் கருவிகள் மேலே வெள்ளம் புறப்பட்டதும் கீழே எச்சரிக்கின்றன. ஆனால் அப்போது தப்பிக்கக் கிடைப்பது சில நிமிடங்களே. உறங்கும் ஓர் ஊர் விழித்து வெளியேற அது போதாது. மழைக்கணக்கோ, சரிவுக்குப் பல மணி நேரம் முன்பே எச்சரிக்க வல்லது.

ஒரு மலையிலேயே இடத்துக்கு இடம் மழை மாறும். ஆகவே பல இடங்களில் மழைமானிகள் வேண்டும். நேரான சுவருள்ள பாத்திரமும் ஓர் அளவுகோலும் இருந்தால் நீங்களும் மழையை அளக்கலாம். மலையூரில் வாழும் மாணவர்களே, நாள்தோறும் காலையில் அளந்து எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு ஒருநாள் உங்கள் ஊரைக் காக்கக்கூடும்.