காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்துடன் தேக்கா முஸ்தஃபா சென்டருக்குச் சென்றேன். மடிக்கணினிகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பினேன். “புது மாடல் வரட்டுமே” என்ற எண்ணம்தான் காரணம்.

வீட்டில் இருப்பது அண்ணனின் பழைய கணினி. அதில் விண்டோஸ் 11 இயங்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவையோ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடித்துக்கொண்டது.

காத்திருந்தால் விலை குறையும் என்பதும் நிச்சயமில்லை. 2022ல் 7 விழுக்காடாக இருந்த பொருள், சேவை வரி 2024ல் 9 விழுக்காடானது. வரி சேர்க்காமல் 1,500 வெள்ளி விலையுள்ள கணினிக்கு அதுவே 30 வெள்ளி கூடுதல்.

புது மாடல் ஆண்டுதோறும் வரும். ஏப்ரலில் தொடங்கும் என் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பாடங்கள் காத்திருக்காது. மறுவாரமே வாங்கிவிட்டேன்.

பழையது தாங்கினால் பொறுத்திருங்கள். படிப்பு தடைபட்டால் தயங்காதீர்கள்.