மேசைக்கு மேசை – 14: மெஷின் சொன்ன பொய்

ஸ்லாக் செயலியின் கதையைப் போன வாரமே முடித்தாயிற்று. இந்த வாரம் ஐபிஎம்மின் உள்வலையான ‘பீஹைவ்’ என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஜூலியன் ஓர் வந்து மாட்டிக்கொண்டார், விட மனமில்லை.

ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்த மானிடவியலாளர் இவர். 1980-களில், காப்பி மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர்களோடு ஆபீஸ் ஆபீஸாகப் போனார். 1996-ல் புத்தகமாக வந்த அந்த அனுபவத்தில் ஒரு காட்சி: ஒரு மெஷின் அடிக்கடி படுத்துவிடுகிறது. ‘இ053’ என்ற பிழை எண்ணைக் காட்டுகிறது. மேனுவல் காட்டும் இடத்தில் கோளாறே இல்லை. டெக்னீஷியனும் துணைக்கு வந்த ஸ்பெஷலிஸ்டும் மெஷின் முன்னால் நின்று, முன்பு பார்த்த மெஷின்களின் கதையைப் பேசுகிறார்கள், மணிக்கணக்கில். பார்க்கிறவர்களுக்கு வெட்டி அரட்டை. அந்த அரட்டையில்தான் குட்டு உடைகிறது. இ053 சுத்தப் பொய். மின்னூட்டம் கொடுக்கும் டைகோரோட்ரான் ஷார்ட் ஆனால் மெஷின் விழுந்து எழுந்து, சம்பந்தமில்லாத இந்த எண்ணைக் காட்டும். உண்மையான எஃப்066 கூடவே வந்தாலும் வரும், வராமலும் போகும்.

இது எந்த மேனுவலிலும் ஏறாத சரக்கு. ஜெராக்ஸின் பிரான்ஸ் டெக்னீஷியன்கள் இந்த மாதிரி விஷயங்களைச் சொந்தமாகக் குறித்துவைத்துக்கொண்டிருந்தார்கள். 1990-களின் நடுவில் அதை எல்லோருக்கும் பொதுவாக்க ‘யுரேக்கா’ வந்தது. இன்டர்நெட்டில் அல்ல, டெலிபோன் லைனில் ஓடிய பிரான்சின் மினிடெல் பெட்டியில். ஒருவர் குறிப்பு எழுதுவார். அந்த மாடலில் கைதேர்ந்த சகாக்கள் சரிபார்ப்பார்கள். தேறினால்தான் எல்லோருக்கும் போகும். எழுதினால் காசு தரலாமா என்ற பேச்சு வந்தபோது டெக்னீஷியன்கள் கேட்டது வேறு: குறிப்பின் கீழே எங்கள் பெயரைப் போடுங்கள், போதும்.

இதைப் படித்ததும் சிறுசேரி நண்பர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் கம்பெனியின் உள்வலையில் பதிவு போட்டால் பாயிண்ட், லைக் வாங்கினால் இன்னும் பாயிண்ட். “குட் மார்னிங் டீம்னு போட்டே ஒருத்தன் முதல் இடத்துக்குப் போய்ட்டான் சார்” என்றார். சர்வர் விழுந்த ராத்திரி அதைத் தூக்கி நிறுத்தியவர் ஒரு வரிகூட எழுதவில்லையாம்; அவருக்கு அங்கே கணக்கே கிடையாதாம். பாயிண்டுக்கு எழுதுகிறவர் பாயிண்ட் வருமளவுக்குத்தான் எழுதுவார். தன் பெயரில், தன் தொழில்காரர்கள் முன்னால் எழுதும்போது தப்பாக எழுதக் கூசும். யுரேக்கா பிழைத்ததற்கு மென்பொருளைவிட இந்தக் கூச்சம்தான் காரணம் என்பேன்.

பீஹைவ் அடுத்த வாரம், கட்டாயம். 2007-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் ஊழியர்களுக்கென்று திறந்துவிட்ட அந்த வலையில் பக்கத்து இருக்கைக்காரரைவிட, அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்களைத்தான் ஆட்கள் தேடிப் போனார்கள். அக்கறை, பதவி, தன் யோசனைக்கு ஆள் சேர்ப்பது என்று ஆய்வாளர்கள் இதற்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். பதவியிலிருந்து தொடங்குகிறேன்.