சுவரை உடைக்காமல் ஒரு மோட்டர்

சென்ற வருடம் உம்மா தனது தையல் இயந்திரத்துக்கு மோட்டர் பூட்டினார். அதற்காக யாரும் சுவரை உடைக்கவில்லை. சுவரில் ஏற்கனவே ஒரு பிளக் பொயின்ட் இருந்தது. வீட்டைக் கட்டிய மேசனுக்கு உம்மா ஒரு நாள் மோட்டர் வாங்குவார் என்று தெரிந்திருக்காது. ஆனாலும் என்றோ வரப்போகும் ஒன்றுக்காக இடம் விடப்பட்டிருந்தது. மென்பொருளையும் இப்படி அமைக்கலாம். இதைத்தான் செருகுநிரல் கட்டமைப்பு என்கிறார்கள்.

இதன் பெறுமதியை நான் ஒரு தவறின் மூலமே உணர்ந்தேன். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடச் செயற்றிட்டத்துக்காக ஒரு சிறிய நூலகத்துக்கு பைதன் மொழியில் இரவல் பதிவு மென்பொருள் எழுதினேன். நூல்கள், அங்கத்தவர்கள், இரவல், தண்டப்பணம் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. சில வாரங்களின் பின் நூலகப் பொறுப்பாளர், "நோன்பு விடுமுறை நாட்களுக்குத் தண்டம் கணக்கிட வேண்டாம், மகள்" என்றார். அன்றிரவே விடுமுறைப் பட்டியலொன்றைச் சேர்த்தேன். அவசரத்தில் சோதித்துப் பார்க்கவில்லை. பட்டியலில் ஒரு திகதி பிழையாகத் தட்டச்சாகியிருந்தது.

மறுநாள் காலை அந்தத் திகதியை வாசிக்க முடியாமல் முழு மென்பொருளும் நின்றுவிட்டது. தண்டக் கணக்கு மட்டுமல்ல, ஒரு நூலைக்கூட இரவல் கொடுக்க முடியவில்லை. பிள்ளைகள் வரிசையில் நிற்க, பொறுப்பாளர் பழைய கொப்பியை எடுத்துக் கையால் எழுதினார். அவர் என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒரு மூலையில் நேர்ந்த பிழை ஏன் முழு வீட்டையும் இருளாக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு மென்பொருளை மீண்டும் எழுதினேன். இம்முறை நடுவிலுள்ள கருவுக்கு மூன்று வேலைகள் மட்டுமே: நூல், அங்கத்தவர், இரவல். மற்றவை அனைத்தும் தனிக் கோப்புறையொன்றில் செருகுநிரல்களாக இருக்கும். தொடங்கும்போது கரு அந்தக் கோப்புறையைப் பார்த்து, அங்கிருப்பவற்றைப் பதிவு செய்துகொள்ளும். ஒரு நூல் திரும்பி வந்ததும், "நூல் வந்துவிட்டது, இரவல் கொடுத்த திகதி இது, திரும்பிய திகதி இது" என்று எல்லாவற்றுக்கும் அறிவிக்கும். தண்டச் செருகுநிரல் அதைக் கேட்டுத் தொகையைச் சொல்லும். அது தவறினால் கரு அந்தத் தவறைக் குறித்துக்கொண்டு தன் வேலையைத் தொடரும்.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிவதற்காக இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, அமைப்புகளின் பதிவேடு என அதன் பகுதிகள் தனித்தனியானவை. ஓர் அனர்த்தத்துக்குத் தேவையான பகுதி இன்னோர் அனர்த்தத்துக்குத் தேவைப்படாமல் போகலாம். புதியதொன்று தேவைப்படவும் கூடும். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடும் நேரத்தில், மென்பொருளை முதலிலிருந்து எழுத அவகாசம் இராது.

ஆனால் பொருத்தும் இடம் வைத்தால் மட்டும் போதாது. கருவுக்கும் செருகுநிரலுக்கும் இடையிலான உடன்படிக்கை தெளிவாக இருக்க வேண்டும். பயர்பாக்ஸ் உலாவியின் பழைய நீட்சிகள் உலாவியின் உள்ளே ஆழமாகக் கைவைக்க முடிந்தவை. அதனால் உள்ளே எதை மாற்றினாலும் ஏதோ ஒரு நீட்சி உடைந்தது. முடிவில் 2017 நவம்பரில் வெளிவந்த 57ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகளை முற்றாகக் கைவிட்டது. பலர் பழகியிருந்த வசதிகள் ஒரே நாளில் நின்றுபோயின. பிளக் பொயின்டின் துளை வடிவம் வருடாவருடம் மாறினால் நம் வீட்டுப் பொருட்கள் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. செருகுநிரல் என்பது நம் வீட்டுக்குள் நாம் அனுமதிக்கும் ஒரு விருந்தாளி. உலாவியில் நீட்சியொன்றைச் சேர்க்கும்போது, நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவுகளை வாசிக்கவும் மாற்றவும் அது அனுமதி கேட்கலாம். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறு கருவிக்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு? இதை யோசித்த பின்பே சம்மதிக்க வேண்டும்.

அண்மையில் அந்த நூலகத்துக்குச் சென்றேன். மென்பொருளில் நான் எழுதாத ஒரு பட்டியல் தெரிந்தது. இதுவரை யாரும் இரவல் பெறாத நூல்களின் பட்டியல் அது. எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படிக்கும் தங்கையொருவர் அதை எழுதிச் சேர்த்திருக்கிறார். நான் எழுதிய கோப்பில் ஒரு வரியையும் அவர் தொடவில்லை. என்னிடம் எதையும் கேட்கவுமில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பட்டியலிலிருந்த ஒரு நூலை இரவல் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினேன்.